அப்பன் கட்டாத அபராதம்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஒரு பழைய செட்டியார் வீட்டைப் பிரிக்க ஆரம்பித்தால் தெருவில் இரண்டு பேச்சு கிளம்பும். தேக்கு என்ன விலைக்குப் போயிற்று என்பது ஒன்று. அந்த வீட்டுக்காரர்கள் என்ன பாவம் பண்ணினார்களோ என்பது இன்னொன்று. விலைப் பேச்சு சீக்கிரமே ஓய்ந்துவிடும். பாவப் பேச்சு ஓயாது. வட்டிக் காசில் கட்டிய வீடு, பர்மாக்காரன் வயிற்றெரிச்சல், எப்படி நிற்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். காது பழகிப்போன பேச்சுதான். ஆனால் இந்த மாசி மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டைப் பிரித்தபோது, நான் மிகவும் மதிக்கிற ஒருவர் வாயிலிருந்து அது வந்தது. அதை என்னால் அப்படியே விட முடியவில்லை.

முதலில் நாட்டு ஓட்டை அடுக்கடுக்காக இறக்கினார்கள். பிறகு கைமரம், உத்தரம். கடைசியில்தான் வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி நின்ற தூண்களைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். கல்லுக்குள் இறங்கியிருந்த அடிப்பகுதி அப்போதுதான் வெளிச்சத்தைப் பார்த்தது. மேலே எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கறுத்துப் போயிருந்த தூண், அடியில் மட்டும் வெட்டின அன்றைக்கு இருந்த மஞ்சளிலேயே இருந்தது. அதில் சுத்தியலால் அடித்த ஒரு முத்திரை. இரண்டு ஆங்கில எழுத்து, ஓர் எண். ரங்கூனிலோ மௌல்மீனிலோ ஏதோ ஒரு மரக்கிடங்கில் அடித்திருப்பார்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஒன்றுகூட முழுசாகப் பெயரவில்லை. தூண்களும் நிலையும் மட்டும் லாரியில் ஏறின. பழைய சாமான் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போகும்.

என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த வாத்தியார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. "பாத்தீங்களா தம்பி," என்றார். "இது ஒரு வீட்டுக்கு வந்த கேடு இல்ல. ஒரு சமூகத்துக்கே சாமி போட்ட தண்டனை. கடலுக்கு அந்தப் பக்கம் ஏழை விவசாயி நிலத்தை எழுதி வாங்குனாங்க. இங்க ஊர் ஊரா வீடு பூட்டிக் கெடக்கு. பூம்புகாரைக் கடல்ல மூழ்கடிச்ச சாமிதானே, சும்மா விடுமா?"

அவர் வெறுப்பில் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. அந்த வீட்டில் கடைசியாகக் குடியிருந்த ஆச்சியை எனக்குத் தெரியும். பர்மா பக்கமே போகாதவர். யாருக்கும் ஒரு ரூபாய் வட்டிக்கு விட்டதில்லை. கண் பார்வை மங்கி, இரண்டாம் கட்டில் ஓர் அறையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் எந்தெந்த இடத்தில் ஒழுகும் என்று தெரிந்து அங்கெல்லாம் அண்டாவை வைத்துக்கொண்டு வாழ்ந்து முடித்தார். வீடு போனதற்குக் காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததே. பங்காளிகள் பெருகிப் பெருகி ஒவ்வொருவர் பங்குக்கும் அரை அறை என்று ஆகிவிட்டது. கரையானுக்கு மருந்து அடிக்கும் செலவை யார் ஏற்பது என்பதிலேயே பேச்சு நின்றுபோனது. இதில் சாமியின் கை எங்கே இருக்கிறது? இருக்கிறது என்றால், அந்தக் கை ஏன் அந்த ஆச்சியைப் போய்த் தொட்டது?

ஒரு நகரத்தை, ஒரு குலத்தை, ஒரு நாகரிகத்தையே தெய்வம் மொத்தமாகத் தண்டிக்கலாமா? அப்படித் தண்டித்தால் அதற்கு நியாயம் என்று பெயர் உண்டா? இதைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பர்மாவில் நடந்தது

முதலில் பாவத்தை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு ஐராவதி டெல்டாவில் பர்மிய விவசாயிகள் காடு திருத்தி நெல் போட்டார்கள். விதைக்கும் மாட்டுக்கும் அறுவடைக் கூலிக்கும் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அந்த விவசாயியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எங்கள் நகரத்தார் செட்டியார்கள் கொடுத்தார்கள். உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுத்தார்கள் என்பதும் உண்மை. 1930ஐ ஒட்டி உலகச் சந்தையில் நெல் விலை விழுந்தது. வட்டி நின்றது, அசலும் நின்றது, அடமானத்தில் இருந்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் இருந்தது. 1938இல் அது 25 பங்கு. நிலத்தை இழந்தவனுக்கு உலகச் சந்தை தெரியாது. எழுதி வாங்கிய கையைத்தான் தெரியும். அவன் வயிறு எரிந்தது நியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதன் பிறகு வந்ததைத்தான் தண்டனை என்கிறார்கள். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அதில் செத்தவர்களில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலிகள் ஏராளம். அடுத்து வந்த மாதங்களில் நான்கு லட்சம் இந்தியர்களுக்கு மேல் பர்மாவை விட்டு ஓடிவந்தார்கள். காசு இருந்தவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும் தாமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் வழிநெடுக விழுந்து செத்தவர்கள் பல்லாயிரம் பேர். ஐராவதி டெல்டாவில் ஓர் ஏக்கர்கூட எழுதி வாங்காதவர்கள் அவர்கள். தெலுங்குக் கூலி, ஒரியாக் கூலி, ராமநாதபுரத்துத் தமிழ்க் கூலி. பிறகு 1948இல் பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் வங்கிகளும் போயின. உடுத்திய துணியோடு கப்பல் ஏறியவர்கள் பெரும்பாலும் சின்ன வியாபாரிகள், தொழிலாளிகள், அங்கேயே பிறந்த பிள்ளைகள். காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதன் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். முதலாளிகள் செய்த பாவத்துக்கு என்று சொல்லப்படும் தண்டனையில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டவர்கள் முதலாளிகள் இல்லை.

என் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் ஹென்சாடா ஊரில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, உதவிக்கு நிற்பவராக இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு முடித்து வருவார், மறுபடி போவார். அவர் சொன்னதாக என் அப்பச்சி, அதாவது அப்பா, சொல்லும் ஒரு விஷயம் உண்டு. எந்தக் கடையிலும் லாபத்தில் மகமை என்று சாமிக்கு ஒரு பங்கை எடுத்து வைக்காமல் கணக்கை முடிக்க மாட்டார்களாம். ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழும்பியது அந்தக் காசில்தான். எங்கள் நகரத்தார் குலத்துக்கென்று இருக்கும் ஒன்பது கோயில்களின் கல் திருப்பணிக்குப் போன காசிலும் அது கலந்திருக்கிறது. வாத்தியாரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்த கேள்வி இது: வட்டியில் தன் பங்கை வருஷா வருஷம் வாங்கிக்கொண்ட சாமி, அந்த வட்டிக்காக ஊரைத் தண்டிக்குமா? தண்டித்தது என்று நம்பினால், அந்தச் சாமியை என்ன சொல்வது? நான் முருகனைக் கும்பிடுகிறவன். பழனிக்கு நடந்து போகிறவன். என் சாமி மேல் அப்படி ஒரு பழியை என்னால் போட முடியாது.

குழவியும் பசுவும்

வாத்தியார் பூம்புகாரை இழுத்தது சும்மா இல்லை. எங்கள் குலவரலாறே காவிரிப்பூம்பட்டினத்திலிருந்துதான் தொடங்குகிறது. சோழ அரசன் செய்த கொடுமை பொறுக்காமல் பெரியவர்கள் எல்லோரும் உயிரை விட்டார்கள், குருவிடம் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள், அவர்கள் வழி வந்தவர்களே பாண்டிநாட்டுக்கு வந்து இளையாற்றங்குடியில் குடியேறினார்கள் என்பது எங்கள் வீடுகளில் சொல்லும் கதை. கடல் கொண்டதால் வந்தோம் என்றும் சொல்வார்கள். எங்கள் வீடுகளின் அடிமட்டம் இவ்வளவு உயரமாக இருப்பதே அந்தக் கடல் பயத்தினால்தான் என்று அப்பத்தா சொல்லுவார். சொட்டு மழைக்கு ஏங்கும் இந்தச் செம்மண் பூமியில் கடலுக்குப் பயந்து வீடு கட்டியவர்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

அந்தக் கடல் ஏன் வந்தது? மணிமேகலை சொல்லும் காரணத்தைப் படித்துப் பாருங்கள். நெடுமுடிக்கிள்ளியின் குழந்தை கடலில் காணாமல் போய்விட்டது. பிள்ளையைத் தேடி அலைந்த அரசன் இந்திர விழாவை மறந்துபோனான். மணிமேகலா தெய்வம் அதைப் பொறுக்கவில்லை. 'அணிநகர் தன்னை அலைகடல் கொள்க' என்று சபித்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் விழா எடுக்க மறந்ததற்கு, மீன் விற்றவள், உப்பு விற்றவன், மருவூர்ப்பாக்கத்தில் நெசவு நெய்தவன், தொட்டிலில் கிடந்தது எல்லாம் கடலுக்குள் போக வேண்டும். அரசன் செய்தது குற்றமா என்பதே சந்தேகம். ஊர் என்ன செய்தது?

சிலப்பதிகாரத்து மதுரை அப்படி இல்லை. அங்கே குற்றம் உண்மை. கோவலன் கொலைப்பட்டான். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி நெடுஞ்செழியன் அங்கேயே விழுந்து செத்தான். கோப்பெருந்தேவியும் போனாள். தவறு செய்த அரசன் தன் தீர்ப்பைத் தானே எழுதி, தண்டனையையும் தானே அனுபவித்துவிட்டான். ஊர் எரிந்தது அதற்குப் பிறகு. கண்ணகியின் துக்கத்தை நான் அளக்க வரவில்லை. அளக்க யாருக்கும் தகுதி இல்லை. ஆனால் அந்தத் துக்கத்தின் உச்சியிலும் அவள் அக்கினியிடம் ஒரு நிபந்தனை போடுகிறாள். 'பார்ப்பார் அறவோர் பசுப்பத் தினிப்பெண்டிர் மூத்தோர் குழவி எனுமிவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க' என்கிறாள். தீயவர் பக்கம் மட்டும் போ என்று நெருப்புக்குச் சொல்ல வேண்டிய அவசியம் ஏன் வந்தது? மொத்த ஊரையும் எரிப்பது நியாயமில்லை என்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் குழவியையும் பசுவையும் வெளியே எடுத்து வைக்கிறார்கள்.

தேவகோட்டையில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் படித்தவன் நான். அங்கே கேட்ட இரண்டு கதைகள் இந்த இடத்தில் வந்து சேர்கின்றன. சோதோமை அழிக்கப் போகும் கடவுளிடம் ஆபிரகாம், 'துன்மார்க்கனோடே நீதிமானையும் அழிப்பீரோ?' என்று கேட்கிறார். ஐம்பது நல்லவர் இருந்தால் விடுவீரா என்று ஆரம்பித்து, பத்துப் பேர் என்ற இடம் வரைக்கும் பேரம் பேசுகிறார். பத்தோடு ஏன் நிறுத்தினார் என்று அந்த வயதிலேயே எனக்குக் குறையாக இருந்தது. ஒரே ஒரு கைக்குழந்தை இருந்தால் என்ன செய்வீர் என்று கேட்டிருக்கக் கூடாதா? அந்தக் கேள்விக்கு யோனாவின் கதையில் கடவுளே பதில் சொல்கிறார். நினிவே அழியவில்லையே என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் யோனாவிடம், வலது கை எது இடது கை எது என்று தெரியாத லட்சத்து இருபதினாயிரம் பேரும் அநேக மிருகஜீவன்களும் உள்ள ஊருக்காக நான் இரங்காமல் இருப்பேனா என்கிறார். வைகைக் கரையிலும் சரி, பாலைவனத்துக்கு அப்பால் எங்கோ ஒரு நாட்டிலும் சரி, ஒரு நகரத்தை அழிக்கலாமா என்று யோசித்த மனிதனுக்கு முதலில் கண்ணில் பட்டவை குழந்தையும் மாடும்தான். வேறு வேறு வேதம், வேறு வேறு தெய்வம், மனச்சாட்சி ஒன்றுதான்.

மதுரைக் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப்போகிற இடம் இன்னொன்று இருக்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து காரணம் சொல்கிறது. கோவலன் சாவுக்கு முற்பிறவிக் கதை வருகிறது: அவன் முன்பு பரதனாக இருந்து சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்ல வைத்தான், சங்கமன் மனைவி நீலி சபித்தாள். சரி, ஒரு மனிதன், ஒரு செயல், ஒரு விளைவு. மதுரை எரிந்ததற்கு என்ன காரணம்? ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை அன்று மதுரை எரியும் என்று முன்பே ஒரு சொல் இருந்தது என்கிறது தெய்வம். அவ்வளவுதான். தனி மனிதன் சாவுக்குக் காரணம் கிடைக்கிறது. ஊர் எரிந்ததற்கு ஒரு தேதிதான் கிடைக்கிறது. தெய்வத்தாலும் அங்கே நியாயம் சொல்ல முடியவில்லை என்றே நான் படிக்கிறேன்.

அப்புறம் வஞ்சிக் காண்டம். பாண்டிநாட்டில் மழை பொய்த்து நோய் பரவுகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது, நோய் நீங்குகிறது. களவு செய்தவன் ஒரு பொற்கொல்லன். செத்தவர்கள் ஆயிரம். மொத்தத் தண்டனை தெய்வத்தின் கையை விட்டு மனிதன் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஒருவன் செய்ததை ஒரு குலத்தின் தலையில் வைப்பது சாமிக்குத் தகும் என்று ஒப்புக்கொண்டால், அடுத்த கணமே அரசனுக்கும் தகும் என்று ஆகிவிடுகிறது. பட்டறையில் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்த அந்த ஆயிரம் பேரைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

பூமி ஆடிய இடம் வேறு

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிட முடியவில்லை. காந்தியே இதைச் சொல்லியிருக்கிறார். அதுவும் தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு.

1934 ஜனவரி 15ஆம் தேதி, பொங்கல் சமயத்தில், பீகாரில் பெரிய பூகம்பம். முங்கேர், முசாபர்பூர் போன்ற ஊர்கள் தரைமட்டமாயின. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, இந்தப் பூகம்பம் தீண்டாமை என்ற பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றார். தாகூர் துடித்துப்போனார். மறுத்து எழுதினார். காந்தி அதைத் தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டுத் தன் பதிலையும் போட்டார். தாகூர் எழுதியதில் ஓர் இடம் நெஞ்சில் தைக்கும். எங்கோ பத்திரமான தூரத்தில் இருக்கிற, இன்னும் கடுமையான தண்டனைக்குத் தகுதியான ஆட்களுக்குப் பாடம் கற்பிப்பதற்காக, அகப்பட்டவர்களையெல்லாம், குழந்தைகளையும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்த்து, ஒரு நாகரிகமுள்ள ஆட்சியாளன் தண்டிப்பதை நம்மால் நினைத்துப் பார்க்க முடியாது என்கிறார்.

பத்திரமான தூரம் எது? அதே பயணத்தில் காந்தி செட்டிநாட்டுக்கும் வந்தார், தேவகோட்டைக்கும் வந்தார். அதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் என்ன நடந்தது என்பதை 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்களுக்கு எதிராக ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும், தங்கள் நிலத்தை மிராசுதாருக்கு விற்றுவிட வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தன. செட்டிநாட்டில் அன்றைக்குப் பணம் இருந்தது, கோர்ட்டு வரை போகும் செல்வாக்கு இருந்தது. எங்கள் பெரியவர்கள் திரண்டு போய் இதைத் தடுத்தார்கள் என்று எந்த வீட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

தீண்டாமைக்காகப் பூமி ஆட வேண்டும் என்றால் அது இங்கேதான் ஆடியிருக்க வேண்டும். இங்கே ஓர் ஓடுகூடச் சரியவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் பீகாரில், குடிசையில் இருந்த பிள்ளைகள் மேல் சுவர் விழுந்தது. காந்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் 'நம் பாவம்' என்று தன்னையும் சேர்த்துச் சொன்னவர், அடுத்தவனை மட்டும் கைகாட்டியவர் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டு நாலு பேர் மனம் திருந்தியிருந்தால் அது நல்லதுதான். ஆனாலும் இந்த விஷயத்தில் தாகூர் பக்கம்தான் நிற்கிறேன். முங்கேரில் செத்த குழந்தையைத் தேவகோட்டைக்குப் பாடமாக்குவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

தண்டம் மகனுக்கு வராது

இவ்வளவும் யோசித்த பிறகும் வாத்தியார் சொன்னதில் பாதி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தண்டனை நியாயம் இல்லை, சரி. அப்படியானால் நிலத்தை இழந்த விவசாயியும், ரவிக்கை போடக் கூடாது என்று தடுக்கப்பட்ட பெண்ணும் பட்ட பாட்டுக்குப் பதிலே கிடையாதா? செய்தவர்கள் செத்துப் போய்விட்டார்கள், கணக்கு முடிந்தது என்று நான் கையைக் கழுவிக்கொள்ளலாமா? சாமி தண்டித்தது என்று ஜனங்கள் சொல்வதே, எந்த அநியாயமும் பதில் இல்லாமல் போய்விடக் கூடாது என்ற ஏக்கத்தில்தான். அந்த ஏக்கம் புனிதமானது. அதைத் தூக்கி எறிய எனக்கு மனம் இல்லை.

வழி திறந்தது சம்பந்தமே இல்லாத இடத்தில். அப்பச்சி காலமான பிறகு, பங்கு விஷயமாகத் தேவகோட்டையில் ஒரு வயதான வக்கீலைப் பார்க்கப் போய் வந்துகொண்டிருந்தேன். அப்பச்சி ஒருவரிடம் வாங்கிய கைமாற்று ஒன்று பாக்கி இருந்தது. அதை நான் கொடுக்கத்தான் வேண்டுமா என்று பங்காளிகளில் ஒருவர் கேட்டதால், பேச்சு அந்தக் காலத்து இந்துச் சட்டத்துக்குப் போனது. தகப்பன் கடனை மகன் தீர்ப்பது தர்மக் கடமை என்று நம் ஆட்கள் காலங்காலமாக வைத்திருந்தார்கள். 2005இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, புதிதாக வாங்கும் கடனுக்கு அந்தக் காரணத்தை மட்டும் காட்டி மகனைப் பிடிக்க முடியாது. வக்கீல் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஆனா எல்லாக் கடனும் மகனுக்கு வராதுங்க," என்றார். "குடிக்கு வாங்குனது வராது. சூதாட்டத்துக்கு வாங்குனது வராது. அப்புறம், அப்பனுக்கு ராஜா போட்ட அபராதத்துல கட்டாம விட்ட பாக்கி இருக்கு பாருங்க, அதுவும் வராது. மனுவும் சொல்றாரு, யாக்ஞவல்கியரும் சொல்றாரு. கடன் எறங்கும், தண்டம் எறங்காது."

அவர் ஏதோ போகிற போக்கில் சொன்னார். நான் பேனாவை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனுவின் சட்டத்தோடு எனக்கு எத்தனையோ வழக்கு உண்டு. சாதிக்கு ஒரு நீதி வைத்த சட்டம் அது. அந்தச் சட்டமேகூட, தகப்பனுக்கு விதித்த அபராதத்தை மகன் தலையில் கட்டக் கூடாது என்கிறது. கடனைக் கட்டச் சொல்கிறது. கடன் என்பது அடுத்தவனுடைய சொத்து நம் வீட்டில் இருப்பது. அதைத் திருப்பிக் கொடுக்க நான் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை, வைத்திருப்பவனாக இருந்தால் போதும். தண்டனைக்கு மட்டும்தான் செய்தவன் வேண்டும். இது வட்டிக்கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதிய எந்தப் பெட்டியடிப் பையனுக்கும் தெரிந்த வித்தியாசம். வரவு செலவில் அவ்வளவு நேர்த்தியாக இருந்த ஒரு சமூகம், பாவ புண்ணியம் என்று வந்ததும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இப்போது தெளிவாக இருப்பது இதுதான். ஒரு தலைமுறையின் பாவத்துக்காக ஒரு நாகரிகம் முழுவதையும் தெய்வம் தண்டித்தால் அது நியாயம் இல்லை. செய்தது எந்தத் தெய்வமாக இருந்தாலும் இல்லை. ஆனால் ஒரு நாகரிகம் முழுவதும் கடன்பட்டிருக்க முடியும். வாங்கியவர்கள் போய்விட்டாலும் வாங்கியது நம்மிடம் இருக்கிற வரைக்கும் அந்தக் கடன் இருக்கும். தண்டனை என்று சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. வீடு இடிந்தது, ஊர் காலியாயிற்று, ஆக நாம் அனுபவித்துத் தீர்த்துவிட்டோம் என்று கணக்கை மூடிவிடலாம். அந்த ஆச்சியின் ஒழுகிய கூரையைக் காட்டி எங்கள் கடனைக் கழித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. தர்மம் நிறையச் செய்தோமே என்பார்கள். செய்தார்கள். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் இல்லை என்றால் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வந்திருக்காது. அவர் தொடங்கிய கல்லூரிகளில் படித்துத்தான் நானும் ஆளானேன். ஆனால் தர்மம் நம் இஷ்டத்துக்கு, நமக்குப் பிடித்த இடத்தில் கொடுப்பது. கடனை யாரிடம் வாங்கினோமோ அவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

யாரிடம் என்று தேட எனக்குப் பர்மாவுக்குப் போக வேண்டியதில்லை. அந்த எட்டுத் தடைகளை அனுபவித்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் ஊர் ஊருணிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னோடு பள்ளியில் படித்தவர், இப்போது கொத்தனார். எங்கள் வீட்டுப் பட்டாலைக்குப் போன வருஷம் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்தது அவர்தான். மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டு முகப்புத் திண்ணையிலேயே உட்காருவார். வற்புறுத்தி உள்ளே கூட்டிப்போனால் வருவார், ஆனால் அவர் உடம்பு சுருங்குவது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் அம்மன் தேர் நான்கு தெருவைச் சுற்றி வரும். ஊருணிக்கு அந்தப் பக்கம் போகாது. ரோடு குறுகல் என்று ரொம்ப நாளாகக் காரணம் சொன்னார்கள். இப்போது அங்கே சிமெண்டு ரோடு போட்டாயிற்று, எங்கள் தெருவைவிட அகலம். நானே அடி போட்டு அளந்து பார்த்தேன். சித்திரையில் நடந்த ஊர்க்கூட்டத்தில் இதைக் கேட்டேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. வழக்கத்தை மாற்றினால் சாமி குற்றமாகிவிடும், ஊருக்கு ஏதாவது வந்துவிடும் என்று ஒரு பெரியவர் சொன்னார், மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். ஊருக்கு ஏதாவது வந்துவிடும் என்ற அதே பயம். பூம்புகாரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த பயம், இங்கே ஒரு தேரை மறித்துக்கொண்டு நிற்கிறது.

அடுத்த கூட்டம் ஆனியில். இந்த முறை வாயால் கேட்கப் போவதில்லை. தெருவின் அகலத்தையும் தேரின் அகலத்தையும் போட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். கொத்தனார் வீட்டிலிருந்து முதல் கையெழுத்தை அவர் மகள் போட்டாள். எங்கள் பக்கத்துத் தெருவில் இதுவரை ஆறு வீடுகள் போட்டிருக்கின்றன.